ரேஸ் முடிச்ச கிரேஹவுண்டை வீட்டுல வளர்க்கிறது எப்படி: வரிசை மாறாம ஒரு முழு வழிகாட்டி

ரேஸ்ல இருந்து ரிட்டயர் ஆன கிரேஹவுண்ட் நாயை தத்து எடுக்கிறவங்க தடுமாறுற இடம் பெரும்பாலும் ஒண்ணுதான். செய்யவேண்டியது எல்லாத்தையும் செய்யறாங்க, ஆனா வரிசையை மாத்தி செய்யறாங்க. வந்த அன்னைக்கே வீடு முழுக்க திறந்து விட்டு, தெரிஞ்சவங்க எல்லாரையும் கூப்பிட்டு காட்டி, சாயங்காலமே பார்க்குக்கு கூட்டிட்டு போய், அப்புறம் ரெண்டு வாரம் லீவு போட்டு நாள் முழுக்க கூடவே இருந்துட்டு திங்கக்கிழமை காலையில கதவை சாத்திட்டு ஆபீஸ் கிளம்பிடறாங்க. நாய் ஊளையிடுது, கதவை பிராண்டுது, உடனே "இது நமக்கு செட் ஆகல"ன்னு முடிவுக்கு வந்துடறாங்க. அதனால இங்க எதை முன்னாடி பண்ணணும், எதை தள்ளிப்போடணும், ஏன்னு மட்டும் எழுதியிருக்கேன்.

1. அதுக்கு தெரிஞ்சது என்ன, தெரியாதது என்ன

ரேஸ் நாய் கென்னல்ல, அதாவது நாய்க்கொட்டில்ல வளர்ந்தது. வெளிய விடுறது, சாப்பாடு, ஓட்டம், தூக்கம் எல்லாம் நேரப்படி நடக்கும், சுத்தி எப்பவுமே வேற கிரேஹவுண்டுங்க இருக்கும். மனுசங்க அதோட காது, பல்லு, நகம், காலுன்னு தொட்டு பார்த்து பழக்கியிருப்பாங்க. வண்டியில போறது, லீஷ்னு சொல்ற பிடிகயிறுல நடக்கிறது, மஸ்ஸில்னு சொல்ற வாய்க்கூடையை மாட்டிக்கிறது எல்லாமே பழக்கம். இது உங்களுக்கு சும்மா கிடைக்கிற லாபம்.

தெரியாதது வீடு. மாடிப்படி, கண்ணாடிக் கதவு, வழுக்குற தரை, டிவி, வேக்யூம் கிளீனர், நிலைக்கண்ணாடில தெரியுற இன்னொரு நாய், இதெல்லாம் புதுசு. வேற ரக நாயையே பார்க்காத கிரேஹவுண்டுங்க நிறைய இருக்கு, குட்டியா புசுபுசுன்னு ஒண்ணு ஓடினா அதுவும் நாய்தான்னு அதுக்கு சட்டுனு புரியாது. "உட்காரு"ன்னா முழிக்கும். சொல்லிக்கொடுத்தாலும் பல கிரேஹவுண்டுக்கு பின்னங்கால் தசை அமைப்பால உட்கார்றது சௌகரியமா இருக்காது, ஒண்ணு நிக்கும் இல்லன்னா படுத்துடும், அதை பிடிவாதம்னு நினைக்காதீங்க.

முக்கியமா, இது பொறந்ததுல இருந்து தனியா இருந்ததே கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டா கீழ சொல்றதுல பாதி தானா புரிஞ்சிடும்.

"ரேஸ் நாயாச்சே, நாள் முழுக்க ஓட விடணுமா"ன்னு எல்லாரும் கேப்பாங்க. வேண்டாம். ஒரு நாளைக்கு 16ல இருந்து 18 மணி நேரம் தூங்குற ஜென்மம் இது. இருபது முப்பது நிமிஷ நடை ரெண்டு வேளை போதும். நாலு காலையும் மேல தூக்கிட்டு மல்லாக்க படுத்து தூங்கும், பயந்துடாதீங்க, அது நல்லா இருக்குன்னு அர்த்தம்.

2. எந்த நாய்னு முடிவு பண்றது

கலரையும் கண்ணையும் பார்த்து தேர்ந்தெடுக்காதீங்க. உங்க வீட்டு நிலைமையை மறைக்காம அடாப்ஷன் குரூப்கிட்ட சொல்லிட்டு, அவங்க எதை காட்டுறாங்களோ அதை பாருங்க. பிரிட்டன்ல கிரேஹவுண்ட் டிரஸ்ட், ஆஸ்திரேலியால மாநிலத்துக்கு மாநிலம் இருக்கிற கேப் (கிரேஹவுண்ட் அடாப்ஷன் ப்ரோக்ராம்) மாதிரி இதுக்குன்னே இருக்கிற இடங்கள்ல ஒவ்வொரு நாயோட குணத்தையும் பார்த்துதான் கைமாத்துவாங்க. அமெரிக்கால ஃப்ளோரிடாவுல 2020 முடிவோட ரேஸ் நின்னதுக்கப்புறம் வர்ற நாய்ங்க ரொம்ப குறைஞ்சிடுச்சு, அங்க காத்திருக்க தயாரா இருங்க.

முதல் தடவை வளர்க்கிறவங்களுக்கு என் சிபாரிசு ஒண்ணுதான்: கொஞ்ச நாளாவது ஃபாஸ்டர் வீட்டுல, அதாவது தத்து போற வரைக்கும் தற்காலிகமா வளர்க்கிற வீட்டுல இருந்துட்டு வர்ற நாயை கேளுங்க. கென்னல்ல சாதுவா இருக்கிற நாய் வீட்டுல எப்படி இருக்கும்னு கென்னல்ல பார்த்து சொல்லவே முடியாது. ஃபாஸ்டர் வீட்டுக்காரங்களுக்கு அது ராத்திரி அழுமா, சோஃபா ஏறுமா, தனியா இருக்குமான்னு தெரிஞ்சிருக்கும்.

கேக்கவேண்டியதை கேட்டுடுங்க. ஏன் ரிட்டயர் ஆச்சு, அடிபட்டா இல்ல வேகம் குறைஞ்சா? ரேஸ் இடஞ்சுழியா, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில ஓடுறதால வலது பின்னங்கால் கணுவுல எலும்பு முறிவு சகஜம், ஆறினதுக்கப்புறமும் வயசானா அங்க வலி வரலாம். கருத்தடை ஆயிடுச்சா, பல் சுத்தம் பண்ணியாச்சா, ரேஸ் ஓடும்போது எடை எவ்வளவு, குட்டி நாயோட பூனையோட சோதிச்சு பார்த்தாங்களா. ரேஸ் எடையை எழுதி வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

பொதுவா 2ல இருந்து 5 வயசுக்குள்ள வரும், 10ல இருந்து 13 வயசு வரைக்கும் வாழும். அதாவது நீங்க ஒத்துக்கிறது ஏழெட்டு வருஷத்துக்கு, சில சமயம் அதுக்கும் மேல.

3. நாய் வர்றதுக்கு முன்னாடி வீடு

நாய் வந்தப்புறம் வாங்கிக்கலாம்னு எதையும் விடாதீங்க. முதல் நாள் கடைக்கு ஓடினா அந்த நேரத்துல நாய் யார்கிட்ட இருக்கும்?

படுக்கை முதல்ல. உடம்புல கொழுப்பு ரொம்ப கம்மி, எலும்பு நேரா தரையில படும், அதனால மெல்லிசா விரிச்சா முழங்கை இடுப்பு பக்கம் முடி கொட்டி புண் ஆயிடும். கை வச்சு அழுத்தினா தரை தட்டாத கனத்துல ஃபோம் மெத்தை வேணும், ரெண்டு இருந்தா நல்லது, ஒண்ணு பகல்ல ஆளுங்க இருக்கிற இடத்துல, ஒண்ணு ராத்திரிக்கு.

வழுக்குற தரைன்னா படுக்கையில இருந்து கதவு வரைக்கும், தண்ணி கிண்ணம் வரைக்கும் கார்பெட் துண்டோ ரப்பர் மேட்டோ போட்டு பாதை பண்ணுங்க. ஒரு தடவை வழுக்கி விழுந்துச்சுன்னா அந்த ரூம் பக்கமே வராம வாசல்லயே நிக்கிற கிரேஹவுண்டுங்கள பார்த்திருக்கேன், அதை மறக்க வைக்க ரொம்ப நாள் ஆகும். கண்ணாடிக் கதவுல அதோட கண்ணு மட்டத்துக்கு டேப்போ ஸ்டிக்கரோ ஒட்டுங்க, இல்லன்னா திறந்த வழின்னு நினைச்சு நேரா மோதும்.

வேலி இருந்தா சுத்தி நடந்து ஒவ்வொரு பலகையையும் கையால ஆட்டி பாருங்க. உயரத்தை விட ஓட்டையும் கேட்டும்தான் ஆபத்து. ஆனாலும் ஒன்றரை மீட்டருக்கு கம்மியா இருந்தா தனியா விடாதீங்க. கேட் தாழ்ப்பாள் தானா திறக்காத மாதிரி இருக்கணும். செடிக்கு நடுவுல கூர்மையா நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பி, உடைஞ்ச தொட்டி எல்லாத்தையும் எடுத்துடுங்க, இதோட தோல் டிஷ்யூ பேப்பர் மாதிரி கிழியும்.

சமையல் மேடை, டைனிங் டேபிள் ரெண்டும் அதோட தலை மட்டத்துல இருக்கும். எட்டி தாவவேண்டிய அவசியமே இல்ல, நடந்து போகும்போதே எடுத்துட்டு போயிடும். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், சைலிட்டால்ங்கிற இனிப்பு கலந்த சுவிங்கம் இதெல்லாம் நாய்க்கு விஷம், உள்ள வச்சு பூட்டுங்க. குப்பைத்தொட்டிக்கு மூடி போட்டது வாங்குங்க.

காலர் மார்ட்டிங்கேல் ரகமா இருக்கணும், இதுல சமரசமே வேண்டாம். கிரேஹவுண்டோட கழுத்து தலையை விட அகலம், சாதாரண காலர்ல பயந்து பின்னாடி போச்சுன்னா தலை அப்படியே உருவிட்டு வந்துடும். மார்ட்டிங்கேல் இழுத்தா கொஞ்சம் இறுகும், ஆனா மூச்சை அடைக்காது. நல்லா அகலமானதா பாருங்க. வீட்டுல தனியா இருக்கும்போது மட்டும் அதை கழட்டிடுங்க, அந்த வளையம் எதுலயாவது மாட்டினா ஆபத்து, பேர் பொறிச்ச டேக் மாட்ட சாதாரண மெல்லிய காலர் ஒண்ணு தனியா வச்சுக்கலாம். இதோட ஒரு மஸ்ஸில், குளிர் ஊரா இருந்தா ஒரு கோட்டு, உள்ள சில ரூமை மறிக்க பேபி கேட்.

4. கூட்டிட்டு வர்ற நாள்

லீவு நாளோட ஆரம்பத்துல கூட்டிட்டு வாங்க. யாரையும் வீட்டுக்கு கூப்பிடாதீங்க, பக்கத்து வீட்டு குழந்தைங்களையும் சேர்த்துதான் சொல்றேன்.

வண்டியில இருந்து இறக்குறதுக்கு முன்னாடியே லீஷை மாட்டி கையில சுத்திக்கிட்டு அப்புறம் கதவை திறங்க. கதவை திறந்துட்டு லீஷை தேடுறவங்கதான் நாயை தொலைக்கிறாங்க. புது இடம், பேர் சொன்னா திரும்பாது, வீடு எதுன்னும் தெரியாது, சில நொடியில மணிக்கு 60 கிலோமீட்டரை தாண்டுற கால். யோசிச்சு பாருங்க. முதல் சில வாரம் காலருக்கு ஒண்ணு, ஹார்னஸுக்கு (மார்பை சுத்தி மாட்டுற வார்) ஒண்ணுன்னு ரெண்டு லீஷ் போட்டா இன்னும் நல்லது.

நேரா வீட்டுக்குள்ள போகாதீங்க. எங்க உச்சா கக்கா போகணுமோ அங்க முதல்ல கூட்டிட்டு போய் நில்லுங்க, போற வரைக்கும் நில்லுங்க. போனதுக்கப்புறம் உள்ள வாங்க. உள்ளயும் லீஷை கழட்டாம ஒவ்வொரு இடமா மெதுவா காட்டிட்டு, கடைசியா ஒரே ஒரு ரூம்ல, படுக்கை இருக்கிற ரூம்ல விடுங்க. மத்த கதவெல்லாம் மூடியே இருக்கட்டும். ஒரு ரூம் பழகினா அடுத்த ரூம். மொத்த வீட்டையும் ஒரே நாள்ல குடுத்தா எங்க படுக்கணும், எங்க போகக்கூடாதுன்னு தெரியாம நடந்துக்கிட்டே இருக்கும், மூச்சு வாங்கும், ஓய்வே எடுக்காது.

அன்னைக்கு சாப்பிடாம இருக்கலாம். பரவால்ல. சுத்தி உட்கார்ந்து ஊட்டி விடாதீங்க.

தோலுக்கடியில வச்சிருக்கிற அடையாள மைக்ரோசிப் விவரத்தை அன்னைக்கே உங்க பேருக்கும் போன் நம்பருக்கும் மாத்திடுங்க. காதுல பச்சை குத்தின நம்பரையும் போட்டோ எடுத்து வைங்க, அது ரேஸ் பதிவோட அடையாளம், தொலைஞ்சா தேட உதவும்.

5. முதல் ராத்திரி, தூக்கத்துல தொடாத விதி

உங்க ரூம்லயோ, உங்க மூச்சு சத்தம் கேக்குற தூரத்துலயோ படுக்க வைங்க. கீழ ஹால்ல தனியா விட்டுட்டு மேல போய் படுத்தா விடிய விடிய அழும், ஏன்னா இத்தனை வருஷமா பக்கத்துல இன்னொரு நாய் மூச்சு விடுற சத்தத்துலதான் தூங்கியிருக்கு. "பழக்கம் கெட்டுடும்"னு பயப்படாதீங்க, நிலைச்சதுக்கப்புறம் படுக்கையை ராத்திரிக்கு கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திக்கலாம்.

இந்த ரகத்துல நிறைய நாய்க்கு கண்ணை முழுசா மூடாம தூங்குற பழக்கம் உண்டு, முழிச்சிருக்குன்னு நினைச்சு நீங்க தொட்டா திடுக்கிட்டு எழுந்து உறுமும், சில சமயம் கடிக்கவும் செய்யும். கோவத்துல இல்ல, கென்னல்ல தூங்கும்போது மனுசங்க யாரும் தொட்டு எழுப்பி அதுக்கு பழக்கம் இருந்திருக்காது. அதனால விதி இது: படுத்திருக்கிற நாயை யாரும் தொடக்கூடாது, தூர நின்னு பேர் சொல்லி கூப்பிடணும், எழுந்து வந்தா தடவலாம். இந்த காரணத்துக்காகவே ஆரம்பத்துல சோஃபாலயும் கட்டில்லயும் ஏத்தாதீங்க. தூக்கத்துல நீங்க காலை நீட்டினாலே அது திடுக்கிட்டுடும்.

6. உச்சா, கக்கா

பெரும்பாலான கிரேஹவுண்டு இதுல சீக்கிரம் தேறிடும், ஏன்னா கென்னல்லயும் படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ணாம வெளிய விடுறப்ப போய்தான் பழக்கம். அதுக்கு புரியாதது "வீடு முழுக்கவே படுக்கிற இடம்தான்"ங்கிறது.

அதனால கேட்டு போகும்னு எதிர்பார்க்காம நேரத்துக்கு நீங்களே கூட்டிட்டு போங்க. எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடினதும், தூங்கப்போறதுக்கு முன்னாடியும், நடுவுல ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவையும். போய் முடிச்ச அந்த நொடியில ட்ரீட் குடுங்க. உள்ள வந்து குடுத்தா உள்ள வந்ததுக்கு குடுத்தீங்கன்னு நினைச்சுக்கும். சொந்த தோட்டமா இருந்தாலும் முதல் சில நாள் கதவை திறந்து விட்டுட்டு உள்ள நிக்காதீங்க, லீஷோட கூட போங்க, இல்லன்னா அது கதவுக்கு வெளிய நின்னு உங்களையே பார்த்துட்டு உள்ள வந்து கார்பெட்ல போகும்.

வீட்டுக்குள்ள போயிட்டா திட்டாதீங்க. திட்டினா உங்க முன்னாடி போறது தப்புன்னு மட்டும் கத்துக்கும், அப்புறம் வெளிய லீஷ்லயும் போகாது. சோஃபாவுக்கு பின்னாடி போய் ஒளிஞ்சு போகும். நாத்தம் போற என்சைம் கிளீனர் போட்டு துடைச்சுட்டு அடுத்த வேலையை பாருங்க.

7. தனியா இருக்க பழக்கிறது, முதல் நாள்ல இருந்து

திருப்பி அனுப்பப்படுற நாய்ங்க கதையை கேட்டா முக்கால்வாசி இங்கதான் வந்து நிக்கும். லீவு முடியுறதுக்கு முந்தின நாள் ஆரம்பிக்கிற வேலை இல்ல இது. வந்த முதல் நாளே ஆரம்பிக்கணும், ஆனா ரொம்ப சின்னதா.

முதல் கட்டம், நீங்க வீட்டுலயே இருக்கீங்க, ஆனா நாய் பேபி கேட்டுக்கு அந்தப்பக்கம். நீங்க பாத்ரூம் போனா அதுவும் பின்னாடியே வரும், பாசம்னு சந்தோஷமா இருக்கும், ஆனா அதுதான் பின்னாடி பிரச்சனை ஆகும். கேட்டை போட்டுட்டு ஒரு நிமிஷம் போய் வாங்க. வரும்போது கொஞ்சாதீங்க, சாதாரணமா உங்க வேலையை பாருங்க. இதை நாள் முழுக்க பல தடவை.

அடுத்தது வெளிக்கதவு. செருப்பு போடுறது, சாவி எடுக்கிறது, பையை தோள்ல மாட்டுறது, இதெல்லாம் பார்த்துதான் நீங்க கிளம்புறீங்கன்னு தெரிஞ்சுக்கும். அதனால சாவியை எடுத்து திரும்ப வச்சுடுங்க, செருப்பை போட்டுக்கிட்டு வந்து சேர்ல உட்காருங்க, அந்த அறிகுறிக்கெல்லாம் அர்த்தமே இல்லாம போகணும். அப்புறம் கதவுக்கு வெளிய அஞ்சு நொடி, முப்பது நொடி, ஒரு நிமிஷம், மூணு நிமிஷம்னு கூட்டுங்க. ஒரே ஏறுமுகமா கூட்டாம நடுவுல திரும்ப சின்ன நேரமும் கலந்து விடுங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் இன்னும் நீளமா போகுதுன்னு அதுக்கும் தெரிஞ்சிடும்.

பழைய போன் ஒண்ணை கேமராவா வச்சு பாருங்க, இது கட்டாயம். நீங்க வந்தப்ப அமைதியா படுத்திருக்குன்னு நினைப்பீங்க, கேமரா பார்த்தா மொத்த நேரமும் வாசல்ல மூச்சு வாங்கிட்டு எச்சில் ஒழுக நின்னிருக்கும். அழுறதுக்கு முன்னாடி திரும்பி வரணும், அதுதான் கணக்கு. அழ ஆரம்பிச்சிடுச்சுன்னா நேரத்தை அவசரப்பட்டு கூட்டிட்டீங்கன்னு அர்த்தம், பாதியா குறைச்சு மறுபடி ஆரம்பிங்க.

நடை போய்ட்டு வந்து, சாப்பிட்டு, கண்ணு சொருகுற நேரமா பார்த்து பழக்கினா பாதி வேலை தூக்கமே பண்ணிடும். உள்ள சாப்பாடு அடைச்சு உறைய வச்ச பொம்மை (ஃபுட் டாய்) குடுத்துட்டு போகலாம், ஆனா அதை நீங்க கிளம்புறதுக்கு மட்டுமே குடுத்தா அதுவும் ஒரு அறிகுறி ஆயிடும், இருக்கும்போதும் குடுங்க.

சிலர் கூண்டுல பூட்டிட்டு போயிடறாங்க, கென்னல் நாய்தானேன்னு. கூண்டு சில நாய்க்கு பாதுகாப்பா இருக்கும், சிலது பீதியில கம்பியை கடிச்சு பல்லை உடைச்சுக்கும். நீங்க இருக்கும்போது தானா போய் படுக்குதான்னு பாருங்க, படுத்தா வச்சுக்கலாம். படுக்கலன்னா பேபி கேட் போட்ட ரூமே போதும். தனிமை தாங்கலன்னு இன்னொரு நாய் வாங்குறது கடைசி யோசனை. நிறைய வீட்டுல பிரச்சனை தீரும், சில வீட்டுல அழுற நாய் ரெண்டு ஆகும்.

8. மாடிப்படி

முதல் வாரம் மறிச்சு வைங்க. கத்துக்கொடுக்க ரெண்டு பேர் இருந்தா சுலபம், ஒருத்தர் முன்னாடி காலரை பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் பின்னாடி நின்னு பின்பக்கத்தை தாங்கிக்கிட்டு, ஒவ்வொரு காலா தூக்கி அடுத்த படியில வைக்கணும். ஏறுறது சீக்கிரம் வந்துடும். இறங்குறதுலதான் ஆபத்து, பாதி படியில பயம் வந்தா மிச்சத்தை ஒரே தாவா தாவிடும், காலை உடைச்சுக்கும். அதனால ஏற கத்துக்கிட்ட அன்னைக்கே இறங்கவும் கத்துக்கொடுங்க, கடைசி ரெண்டு படியில இருந்து ஆரம்பிச்சு மேல போங்க.

9. வெளிய நடக்கிறது

முதல் சில நாள் ஒரே பாதை, ஒரே நேரம், ஆள் நடமாட்டம் கம்மியான நேரமா பாருங்க. நடுரோட்டுல சிலை மாதிரி நின்னுடும், இது நிறைய கிரேஹவுண்டு பண்றது. இழுக்காதீங்க, இழுத்தா இன்னும் ஊனிக்கும். அதோட பக்கத்துல நின்னு பக்கவாட்டுல ஒரு சின்ன வட்டம் அடிச்சு திருப்பினா கால் நகர ஆரம்பிச்சிடும்.

நீளுற கயிறு ரீல் லீஷ் வேண்டவே வேண்டாம். அஞ்சு மீட்டர் கயிறு அவிழுற தூரத்துக்குள்ள இது முழு வேகத்தை பிடிச்சிடும், கயிறு தீர்ற இடத்துல அதோட கழுத்தும் உங்க தோளும் என்ன ஆகும்? சாதாரண லீஷ், கைப்பிடியை மணிக்கட்டுல மாட்டி மிச்சத்தை மடிச்சு பிடிக்கணும். கண்ணை தூரத்துல வச்சுக்கோங்க, அணிலோ பூனையோ அதுக்கு முன்னாடி உங்களுக்கு தெரியணும்.

மஸ்ஸில் போட வெக்கப்படாதீங்க. அதுக்கு சின்ன வயசுல இருந்து பழக்கம், கூடை ரகத்துல மூச்சு வாங்கலாம், தண்ணி குடிக்கலாம். குட்டி நாயை பார்த்தா எப்படி நடந்துக்குதுன்னு தெரியுற வரைக்கும் போடுங்க. சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலத்துல 2019 ஜனவரில இருந்து செல்லமா வளர்க்கிற கிரேஹவுண்டுக்கு மஸ்ஸில் கட்டாயம் இல்ல, லீஷ் மட்டும் கட்டாயம். உங்க ஊர் விதியை பார்த்துட்டு கிளம்புங்க.

கொழுப்பும் இல்ல, முடியும் மெல்லிசு, அதனால உங்களுக்கு ஜாக்கெட் தேவைப்படுற குளிர்னா அதுக்கும் கோட்டு வேணும். வெயில் அதை விட மோசம், இவ்வளவு தசை இருக்கிற உடம்பு சீக்கிரம் சூடேறும், வெயில் காலத்துல விடியல்லயும் இருட்டினதுக்கப்புறமும் மட்டும் போங்க.

10. குழந்தைங்களும் பூனையும்

குழந்தைங்க விஷயத்துல ரெண்டே விதி. நாய் படுக்கை நாயோடது, அதுக்குள்ள குழந்தை காலை வைக்கக்கூடாது. பெரியவங்க பக்கத்துல இல்லாம ரெண்டையும் ஒண்ணா விடக்கூடாது. நாய் முகத்தை திருப்பிக்கிட்டாலோ, உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ போதும்னு சொல்லுது, அங்கயே நிறுத்துங்க. உறுமினா திட்டாதீங்க, அது எச்சரிக்கை. அதை அடக்கினா அடுத்த தடவை எச்சரிக்காம கடிக்கும்.

பூனை இருந்தா, பூனையோட சோதிச்ச நாயை மட்டும் எடுங்க. முதல்ல கதவுக்கு ரெண்டு பக்கம், வாசனை மட்டும். அப்புறம் நாய்க்கு மஸ்ஸிலும் லீஷும் போட்டு, பூனைக்கு ஏறி தப்பிக்க உயரமான இடம் வச்சு, சில நிமிஷம். நாய் பூனையை பார்த்துட்டு பேர் சொன்னா உங்களை திரும்பி பார்க்கணும். உடம்பு விறைச்சு கண்ணு எடுக்காம பார்த்தா இன்னும் நேரம் வரல. வீட்டுக்குள்ள நண்பனா இருக்கிற அதே பூனை தோட்டத்துல ஓடினா நாய் துரத்தும், அதனால வெளிய ரெண்டையும் ஒண்ணா விடாதீங்க, எத்தனை வருஷம் ஆனாலும்.

11. சாப்பாடும் எடையும்

முதல் வாரம் அது ஏற்கனவே சாப்பிட்டதையே குடுங்க, அப்புறம் ஏழெட்டு நாள்ல புதுசை கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. இடம் மாறின டென்ஷன்லயே வயிறு கலங்கும், அதோட சாப்பாடும் மாறினா எதால பேதின்னு கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு வேளையா பிரிச்சு குடுங்க. நெஞ்சு ஆழமான ரகம்ங்கிறதால வயிறு உப்பி முறுக்கிக்கிற ஆபத்து உண்டு, சாப்பாட்டுக்கு முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரம் ஓட்டம் கூடாது. வாந்தி எடுக்க முயற்சி பண்ணி ஒண்ணும் வரல, வயிறு கல்லு மாதிரி இருக்குன்னா அந்த நிமிஷமே வெட்கிட்ட (கால்நடை டாக்டர்) போகணும்.

பார்க்கிறவங்க எல்லாரும் "நாய்க்கு சாப்பாடே போடுறதில்லையா"ன்னு கேப்பாங்க, கேட்டுட்டு போகட்டும். ரேஸ் எடையை விட ரெண்டு கிலோ வாக்குல ஏறலாம், கடைசி ரெண்டு மூணு விலா லேசா தெரியணும். அதுக்கு மேல ஏறினா அந்த மெல்லிய காலுதான் சுமக்கணும்.

12. வெட்கிட்ட சொல்லவேண்டியது

முதல் ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு தடவை காட்டி, புழு மருந்து, உண்ணியால வர்ற நோய்க்கான டெஸ்ட், பல் பரிசோதனை முடிச்சிடுங்க. ரேஸ் நாய்ங்களுக்கு பல் மோசமாத்தான் இருக்கும், அன்னைக்கே ஆரம்பிச்சு தினம் பல் தேய்ங்க, வாயை தொட விடும்.

கிரேஹவுண்டு ரத்தம் மத்த நாய் ரத்தம் மாதிரி இல்ல. சிவப்பணு அளவு அதிகம், தட்டணுவும் வெள்ளையணுவும் கம்மி, தைராய்டு அளவு கம்மி, கிரியாட்டினின் கொஞ்சம் கூட. இது தெரியாம தைராய்டு குறைபாடுன்னோ சிறுநீரகம் பழுதுன்னோ மருந்து ஆரம்பிச்சிட வாய்ப்பிருக்கு. நல்லா இருக்கும்போதே ஒரு ரத்த டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டை பத்திரமா வைங்க, நாளைக்கு ஒப்பிட்டு பார்க்க அதுதான் அளவுகோல்.

ஆபரேஷன்னா ரெண்டு விஷயம் முன்னாடியே பேசுங்க. தயோபென்டால் மாதிரி மயக்க மருந்துல இருந்து இது தெளிய ரொம்ப நேரம் எடுக்கும், வேற மருந்து இருக்கு. இன்னொண்ணு, ஆபரேஷன் நல்லா முடிஞ்சு வீட்டுக்கு வந்து ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு ரத்தம் கசியுறது இந்த ரகத்துல அடிக்கடி நடக்கும், அதுக்கு டிரானக்ஸாமிக் ஆசிட் மாதிரி மருந்து முன்கூட்டியே தருவாங்க. தையல் போட்ட இடத்தை சுத்தி ஊதா நிறம் பரவுதான்னு பாருங்க.

நொண்டினா தானா சரியாகும்னு விடாதீங்க. பாதத்தை திருப்பி பாருங்க, பாத மெத்தையில வட்டமா கெட்டியா ஒரு கால் ஆணி (தடிச்ச தோல்) இருக்கலாம், மண்ணுல நல்லா நடந்து ரோட்டுல மட்டும் நொண்டினா பெரும்பாலும் இதுதான். அது இல்லாம நடு வயசுக்கு மேல ஒரே கால்ல நொண்டல் போகாம இருந்தா எக்ஸ்ரே கேளுங்க, எலும்புப் புற்றுநோய் இந்த ரகத்துல அதிகம்.

தொடை பின்பக்கம் முடி இல்லாம வழுக்கையா இருக்கிறது மட்டும் தனியா பார்த்தா கவலைப்படவேண்டிய விஷயம் இல்ல.

13. லீஷ் இல்லாம ஓட விடுறது

எல்லாத்துக்கும் கடைசில வர்றது இது, நிறைய பேர் முதல்ல பண்றதும் இதுதான். கூப்பிட்டா வரும்ங்கிற நம்பிக்கையில திறந்தவெளியில அவிழ்க்காதீங்க. கண்ணால பார்த்து துரத்துறதுக்குன்னு உருவான நாய், ஓட ஆரம்பிச்சிட்டா உங்க குரல் அதுக்கு கேக்காது, ரோடும் தெரியாது.

சுத்தி வேலி போட்ட இடம் தேடுங்க, சில ஊர்ல மணிக்கணக்குல வாடகைக்கு விடறாங்க. போனதும் லீஷோட ஒரு சுத்து நடந்து கேட், ஓட்டை, குழி, கம்பி, உடைஞ்ச பாட்டில் பாருங்க. உடம்பு சூடாக அஞ்சு பத்து நிமிஷம் நடக்க விடுங்க, குளிர்ந்த தசையோட முழு வேகத்துல ஓடினா தசை கிழிஞ்சிடும். வேற ரக நாய் இல்லாத நேரமா இருக்கட்டும். வேற கிரேஹவுண்டுங்களோட சேர்ந்து ஓடினா எல்லாத்துக்கும் மஸ்ஸில், விளையாட்டுல லேசா பல்லு பட்டாலே தையல் போடுற அளவுக்கு கிழியும். நீங்க ஓரமா நில்லுங்க, நடுவுல நிக்காதீங்க, முப்பது கிலோ எடை அந்த வேகத்துல முழங்கால்ல மோதினா ஆஸ்பத்திரிதான்.

நாலஞ்சு சுத்துலயே அதுவே நின்னுடும். திரும்ப விரட்டி ஓட வைக்காதீங்க. லீஷை மாட்டி மூச்சு சீராகுற வரைக்கும் நடக்க விட்டு, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடுத்து, வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி நாலு பாதத்தையும், விரல் இடுக்கையும், வால் நுனியையும் ஒரு தடவை கையால தடவி பார்த்துடுங்க, ரத்தம் வந்தாலும் அது காட்டிக்காது.